சிவப்புக் கிளிப்பும் பதினேழாம் தொட்டியும்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று இருபது. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் அக்கா ஒரு பெரியவருக்கு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். காலை ஒன்று, இரவு ஒன்று, பத்து நாளைக்கு இருபது. பதினான்கு வரை வந்திருந்தபோது போன் அடித்தது. தம்பியின் நம்பர். பேசியது தம்பி இல்லை. அவன் அன்று ஏசி சர்வீஸுக்குப் போயிருந்த பல் ஆஸ்பத்திரியின் ரிசப்ஷன் பெண்.

"நீங்க அவரோட அக்காவா? வேலை முடிச்சிட்டு மாடிப்படியில உக்காந்தாருங்க. தண்ணி கேட்டாரு. எடுத்துட்டு வர்றதுக்குள்ள சாஞ்சிட்டாரு. டாக்டர் பார்த்தாரு… நீங்க உடனே வாங்க."

"இருக்கானா?" என்று அக்கா கேட்டாள்.

மறுமுனையில் அந்தப் பெண் அழும் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா போனை வைத்தாள். மீதி ஆறு மாத்திரையையும் எண்ணிப் போட்டு, உறையின் மேல் எழுதி, "சாப்பிட்ட பிறகுதான் போடணும், வெறும் வயித்துல வேணாம்" என்று பெரியவரிடம் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தாள். இதைப் பிற்பாடு பலர் பலவிதமாகப் பேசினார்கள். கல்நெஞ்சு என்றார்கள். முப்பத்தொரு வருடமாக அவள் கைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது அவர்களுக்குத் தெரியாது. பாதி எண்ணிய மருந்தை அப்படியே விட்டுப் போனால், அடுத்து உட்காருபவருக்கு அது எத்தனை என்று தெரியாது. பேர் எழுதாத பாட்டிலில் இருந்து அவள் யாருக்கும் ஒரு சொட்டு ஊற்றிக் கொடுத்ததும் இல்லை.

தம்பிக்கு வயது ஐம்பத்துநான்கு. அவளை விட நான்கு வயது இளையவன். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் அக்கா, "இவனுக்கு முடியட்டும்னு பார்த்தேன்" என்பாள். அவனைக் கேட்டால், "அக்காவுக்கு முடியாம நான் எப்படி?" என்பான். இப்படி ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டே இருபத்தைந்து வருடத்தை ஓட்டியிருந்தார்கள். இரண்டாம் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் துணி காயப்போட ஒரு பால்கனி. அவ்வளவுதான் வீடு.

சுற்றுவட்டாரத்தில் அவனுக்குப் பெயர் 'கூலிங்'. ஏசி பழுது பார்ப்பதில் கெட்டிக்காரன். ஊருக்கெல்லாம் குளிர் போட்டுக் கொடுத்தவன் தன் வீட்டில் ஒரு ஃபேனோடு நிறுத்திக்கொண்டான். "நாள் முழுக்க அது மூஞ்சியிலதான் முழிக்கறேன். வீட்டுக்கு வந்துமா?" என்பான்.

ஆர்க்கிட் அவனிடம் வந்து சேர்ந்தது ஒன்பது வருடத்துக்கு முன்னால். இழுத்து மூடிய ஒரு அலுவலகத்தில் ஏசி மெஷின்களைக் கழற்றப் போயிருந்தான். ஜன்னலோரம் இருந்த பத்துப் பதினைந்து தொட்டிகளில் எல்லாமே காய்ந்து சருகாகிக் கிடந்தன. ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. பக்கத்து அலுவலக ஏசியின் குழாய் ஒழுகி, அந்தத் தொட்டியின் ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. புள்ளி புள்ளியாக இலை, நடுவில் ஒரு காம்பு, காம்பின் உச்சியில் ஒரு பூ. பூவின் முன்னால் ஒரு பை தொங்கியது, குழந்தையின் செருப்பு மாதிரி.

அதை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தான். அக்கா கதவைத் திறந்து பார்த்தாள்.

"என்னடா இது?"

"செருப்பு ஆர்க்கிட்னு பேராம். போன்ல பார்த்தேன்."

"ஊரெல்லாம் ரோஜா வளர்க்குது. நீ போயும் போயும் செருப்பு வளர்க்கப் போறியா?"

"வாசல்ல விட்டாலும் எவனும் மாட்டிட்டுப் போக மாட்டான்க்கா."

ஒன்று முப்பத்திரண்டு ஆயிற்று. பால்கனி முழுக்கப் பலகை அடித்து, மேலே நிழல்வலை கட்டி, ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு எண் எழுதினான். துணி காயப்போட ஒரே ஒரு கயிறுதான் மிஞ்சியது. அதுவும் அக்கா போராடி வாங்கியது.

தொட்டியில் இருப்பதை மண் என்று சொன்னால் அவனுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "இதுல மண்ணே கிடையாதுக்கா. மண்ணுல வச்சா வேர் மூச்சு முட்டிச் செத்துடும்." கட்டைவிரல் நக அளவுக்கு உடைத்த மரப்பட்டை ஆறு கை. கரித்துண்டு ஒரு கை. தெர்மாகோல் உதிரி மாதிரி எடையே இல்லாத பெர்லைட் ஒரு கை. நொறுக்கிய சிப்பி ஓடு ஒரு ஸ்பூன். இதுதான் அவன் கலவை. பட்டையை முதல் நாளே ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிடுவான். முதலில் மிதக்கும்; மறுநாள் காலையில் ஊறிய துண்டெல்லாம் அடியில் கிடக்கும். அப்போதுதான் அதைத் தொட்டியில் போடுவான். வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பட்டை மக்கிப் புளித்து, வேரும் சேர்ந்து அழுகிவிடும் என்பான்.

தண்ணீர் விஷயத்தில் இன்னும் மோசம். குழாய்த் தண்ணீர் ஆகாது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர் வேரிலும் படியும் என்பது அவன் வாதம். சர்வீஸுக்குப் போகிற இடங்களில் ஏசி வெளியே விடும் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு வருவான். பல் ஆஸ்பத்திரி, ஜெராக்ஸ் கடை, டிரைவிங் ஸ்கூல், கண்ணாடிக்கடை என்று நாலைந்து இடங்களில் குழாய்க்குக் கீழே அவனுடைய கேன் நிற்கும். ஏசியின் உள்பாகத்தை மருந்து போட்டுக் கழுவினால் மட்டும், அந்த இடத்துத் தண்ணீரை இரண்டு வாரத்துக்குத் தொட மாட்டான்.

"மழை மாதிரிக்கா இது. இதுல உப்பு ஒண்ணும் கிடையாது, வெறும் தண்ணி. ஒண்ணுமே இல்லாததாலதான் சிப்பி போடறேன்."

காலை பத்து மணிக்குள் ஊற்றி முடித்துவிடுவான். இலைகளின் நடுக்குருத்தில் தண்ணீர் நின்றால் டிஷ்யூ காகிதத்தைத் திரி போலத் திரித்து உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பான். குழந்தைக்குக் காது துடைப்பவன் போல நாக்கைக் கடித்துக்கொண்டு செய்வான். ஈரம் இருக்கணும், ஊறக் கூடாது. தொட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவான், இதற்கு இன்று வேண்டும், இதற்கு நாளைக்கு என்று.

உரத்தில் கருமி. "இது கொறிக்கற ஆளுக்கா. பந்தி போட்டு உக்கார வச்சா செத்துடும்." பால்கனி மூலையில் இரண்டு நீல டிரம் வைத்திருந்தான். ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் உரம் கரைத்த தண்ணீர். உரத்தண்ணீர் ஒரு குவளைக்கு வெறும் தண்ணீர் மூன்று குவளை சேர்த்து ஊற்ற வேண்டும். மூன்று வாரம் அப்படி. நான்காவது வாரம் வெறும் தண்ணீரை மட்டும் தாராளமாக ஊற்றித் தங்கியிருக்கும் உப்பை எல்லாம் கழுவிவிட வேண்டும்.

அந்த டிரம்களைப் பற்றித்தான் அக்காவுக்கும் அவனுக்கும் ஓயாத சண்டை. உரம் உப்பைப் போல வெள்ளை. கரைந்துவிட்டால் நிறம் கிடையாது. இரண்டு டிரம்மும் அச்சாக ஒரே மாதிரி. எந்த டிரம் காலியாகிறதோ அதில் அடுத்த முறை உரம் கரைப்பான். உரம் எதில் இருக்கிறதோ அதன் விளிம்பில் ஒரு சிவப்புத் துணிக் கிளிப்பை மாட்டி வைப்பான். அவ்வளவுதான் அடையாளம்.

"லேபிள் ஒட்டித் தொலைடா. நான் வேணா எழுதித் தர்றேன்."

"டிரம் மாறிக்கிட்டே இருக்கும்க்கா. கிளிப்புன்னா கழட்டி மாட்டிக்கலாம். இது உன் மருந்துக்கடை இல்ல."

"மருந்துக்கடையா இருந்தா உன்னை என்னைக்கோ வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"நான் வீட்டுலதானே இருக்கேன்!"

பதினேழாம் தொட்டி மற்றவற்றைப் போல இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால், கண்ணாடிக் குப்பியில் வளர்ந்த விரல் அளவு நாற்றாக யாரோ கொடுத்தது. எந்த ரகம், என்ன நிறம் என்று கொடுத்தவருக்கே தெரியாது. ஏழு வருடமும் இலை விட்டதே தவிரப் பூக்கவில்லை. அவன் போவதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு காலையில் பால்கனியில் இருந்து கத்தினான். அக்கா பல்விளக்கும் பிரஷ்ஷோடு ஓடிவந்தாள். நடுக்குருத்தில், இரண்டு இலைகளுக்கு இடையே, பச்சையாக ஒரு சின்ன உறை தலை நீட்டியிருந்தது.

"மொட்டுக்கா! உள்ள மொட்டு இருக்கு!"

"இதுக்கா இந்தக் கத்து? நான் உன்னைப் பாம்பு கடிச்சிடுச்சோன்னு ஓடியாந்தேன்."

"என்ன கலர் வரும் சொல்லு. நான் பச்சைங்கறேன்."

"இதோட மூஞ்சிக்குப் பழுப்புதான் வரும்."

"பந்தயம்?"

அந்த வருடம் மற்ற முப்பத்தொரு தொட்டிகளுக்கும் பட்டை மாற்றி முடித்திருந்தான். பதினேழு மட்டும் பாக்கி. மொட்டு இருக்கும்போது வேரை அசைத்தால் மொட்டு கருகிவிடும். பூ முடிந்த பிறகுதான் அதற்குக் கை வைக்க முடியும். பந்தயம் அதன் மேலேயே வைத்தார்கள்: பூ உதிர்ந்ததும், தோற்றவர் பதினேழுக்குப் பட்டை மாற்ற வேண்டும். அக்கா அதுவரை பட்டையை விரலால் தொட்டதுகூட இல்லை என்பதால் தம்பிக்கு ஒரே கொண்டாட்டம்.

அவன் போன பிறகு இரண்டு வாரம் சித்தி வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அம்மாவின் தங்கை, எழுபது வயதிலும் ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாள். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள், கண்ணில் பட்ட துணியை எல்லாம் துவைத்தாள். அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். நாலாம் நாள்தான் பால்கனி நினைவு வந்தது. எழுந்துபோய்ப் பார்த்தபோது தொட்டிகள் எல்லாம் கையில் காற்றாக இருந்தன.

இரண்டு டிரம்மும் மூலையில் நின்றன. கிளிப் எதிலும் இல்லை. அன்றைக்கு அவள் கிளிப்பை நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. ஒன்று தளும்பத் தளும்ப இருந்தது. மற்றது முக்கால்வாசி. நிறைந்திருந்த டிரம்மில் குவளையை விட்டு முப்பத்திரண்டு தொட்டிக்கும் ஊற்றினாள். இனிமேல் கேனில் பிடித்துவர ஆள் இல்லை என்பது ஊற்றும்போது உறைத்தது. அதனால் இரண்டாவது டிரம்மைத் தொடாமல் சேமித்து வைக்க முடிவு செய்தாள். வாரத்துக்கு இரண்டு முறை, அதே டிரம், காலை பத்து மணிக்குள். டிஷ்யூவைத் திரித்துக் குருத்தைத் துடைக்கவும் கற்றுக்கொண்டாள். வேலைக்கும் திரும்பினாள்.

மூன்றாவது வாரம் இலை நுனிகள் பழுக்க ஆரம்பித்தன. நாலாவது வாரம் நுனியில் தீய்த்தது போலக் கறுப்பு. உரம் போட்டே ஒரு மாதம் ஆகிறதே, பசிதான் என்று அக்கா நினைத்தாள். அவன் வைத்திருந்த டப்பாவில் இருந்து, குறைந்த அளவாகத்தான் இருக்கட்டும் என்று, கால் ஸ்பூனை மட்டமாக வழித்து எடுத்து ஒரு வாளியில் கரைத்து ஊற்றினாள். தான் எடுத்த அளவு சரியானது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. முப்பத்தொரு வருடம் அளந்த கை.

அடுத்த ஞாயிறு கண்ணாடிக்காரர் வந்தார். இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தம்பியிடம் ஒரு செடி வாங்கிப் போய்ப் பத்தாக்கியவர். செடிகளைப் பற்றித் தம்பி மணிக்கணக்காகப் பேசியது உலகத்திலேயே அவரிடம் மட்டும்தான். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் அக்கா, "கிளப் கூடியாச்சு" என்று உள்ளே போய்விடுவாள்.

வந்தவர் பால்கனிக்குப் போய் நின்றார். ஒவ்வொரு செடியின் இலை நுனியையும் குனிந்து பார்த்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இதெல்லாம் என்கிட்ட விட்டுடுங்க. நான் பார்த்துக்கறேன். நீங்க எப்ப வேணா வந்து பாருங்க."

"அவ்ளோ மோசமா இருக்கா?"

"நல்லா இல்ல."

"பதினேழு பூக்கற வரைக்கும் எதையும் தர மாட்டேன்" என்றாள் அக்கா. "அது என்ன கலர்னு பார்க்காம அவன் போயிட்டான். நானாவது பார்க்கணும். அதுக்கப்புறம் நீங்க எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

கண்ணாடிக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு முகத்தில் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். தொழில் புத்தி.

"கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டுங்க."

"ஏன்?"

"கழட்டுங்கக்கா." வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "என்ன இவ்ளோ கறை? வட்டம் வட்டமா உப்புப் பூத்திருக்கு. எந்தத் தண்ணி பட்டுது?"

"செடிக்கு ஊத்தும்போது தெறிக்கும். துடைச்சா போகவே மாட்டேங்குது."

"எந்தத் தண்ணி ஊத்தறீங்க?"

"வேற எது? அவன் பிடிச்சு வச்ச ஏசி தண்ணிதான்."

"ஏசி தண்ணி காஞ்சா கறை இருக்காதுக்கா. நான் கடையில லென்ஸைக் கடைசியா அலசறதே அந்தத் தண்ணியிலதான். அவர்தான் பழக்கிவிட்டாரு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டிரம்களைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் சட்டைப் பையில் இருந்து இரண்டு பழைய லென்ஸை எடுத்தார். எப்போதும் அவர் பையில் ஏதாவது லென்ஸ் இருக்கும். ஒரு டிரம்மில் இருந்து ஒரு சொட்டு ஒன்றின் மேல். மற்றதில் இருந்து ஒரு சொட்டு மற்றதன் மேல். வெயில் படும் பலகையில் வைத்தார். காயும் வரை இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அறைக்கு வெளியே ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர்களைப் போல.

முக்கால் டிரம்மின் லென்ஸ் காய்ந்தபோது, சொட்டு விழுந்த இடமே தெரியவில்லை. அக்கா ஊற்றிக்கொண்டிருந்த டிரம்மின் லென்ஸில் வெள்ளையாக, விளிம்பு தடித்த ஒரு வட்டம்.

அக்காவுக்கு அப்போதுதான் கிளிப் நினைவுக்கு வந்தது. தலையை நிமிர்த்தினாள். டிரம்முக்கு நேர் மேலே, ஒரு முழ உயரத்தில், துணிக்கயிற்றில் தம்பியின் நீலச் சட்டை தொங்கியது. சித்தி துவைத்துப் போட்டது. எடுத்து மடிக்க அக்காவுக்கு மனம் வராமல் ஐந்து வாரமாக அப்படியே கிடந்தது. அதன் இடது தோளில் மஞ்சள் கிளிப். வலது தோளில் சிவப்பு.

சித்திக்குப் போன் போட்டாள். சித்தி எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தாள். "ஆமா, நான்தான் மாட்டினேன். உங்க வீட்டுல ஒரு கிளிப்பாவது உருப்படியா இருக்கா? எல்லாம் வாய் பிளந்து கிடக்கு. டிரம்மு மேல ஒண்ணு சும்மா இருந்துச்சு. அதுல என்னடி?"

"ஒண்ணும் இல்ல சித்தி. காணமேன்னு தேடினேன்."

"ஒரு கிளிப்புக்கா இந்தக் குரல்ல பேசறே? சாப்பிட்டியா?"

போனை வைத்த பிறகு அக்கா சொன்னாள்: "சித்தி மேல தப்பு இல்ல. பேர் எழுதாத பாட்டில்ல இருந்து ஊத்திக் குடுத்தது நான்." சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. டப்பாவில் இருந்து கால் ஸ்பூன் வேறு சேர்த்துப் போட்டதையும் மறைக்காமல் சொன்னாள். கண்ணாடிக்காரர் தொட்டிகளின் பட்டையை விரலால் கிளறிப் பார்த்தார்.

மற்ற முப்பத்தொன்றும் புதுப் பட்டையில் இருந்தன. நாலு முறை வெறும் தண்ணீரால் அலசினால் தேறிவிடும் என்றார். சிக்கல் பதினேழில்தான். போன வருடம் புது வேர் வருகிறது என்று தம்பி அதற்குப் பட்டை மாற்றாமல் விட்டிருந்தான், இந்த வருடம் மொட்டு. இரண்டு வருடத்துப் பட்டை, மக்கிப்போய் உப்பை எல்லாம் பஞ்சு மாதிரிக் குடித்து வைத்திருந்தது.

"இப்பவே வெளிய எடுத்துப் பட்டை மாத்தினா செடி பிழைச்சிடும், மொட்டு கண்டிப்பா போயிடும். மாத்தாம அலசி மட்டும் பார்த்தா மொட்டு நிக்கலாம். ஆனா வேர் அழுகிச் செடியே போனாலும் போயிடும். எனக்குச் சொல்லத் தெரியலக்கா. அவரா இருந்தா என்ன பண்ணியிருப்பாரோ."

அக்கா பதினேழைத் தூக்கினாள். இதற்குள் எடை பார்க்க அவள் கைக்கும் பழகியிருந்தது. உறையில் இருந்து மொட்டு இப்போது பாதி வெளியே வந்திருந்தது. மூடிய மொட்டில் நிறம் ஒன்றும் தெரியவில்லை.

"தோத்தவங்கதான் பட்டை மாத்தணும்னு பேச்சு" என்றாள். "யார் தோத்தாங்கன்னு இன்னும் தெரியலையே. எப்படி மாத்தறது?"

அலசுவதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். முக்கால் டிரம் இரண்டு முறைக்குத்தான் வரும். கண்ணாடிக்காரர் தன் கடைக் கேனைத் தருவதாகச் சொன்னார். மறுநாள் அக்கா ஆஸ்பத்திரியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, தம்பி போய்வந்த இடங்களுக்குக் கிளம்பினாள்.

ஜெராக்ஸ் கடையில் ஒரு குண்டு அம்மா இரண்டு மெஷினுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். யார் என்று சொன்னதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். "கூலிங் அண்ணனோட அக்காவா நீங்க? உங்களைப் பத்திச் சொல்லாத நாள் கிடையாது. எங்கக்கா கண்டுபிடிச்சிடும், எங்கக்கா திட்டும்னு. உங்களை ஏதோ போலீஸ் மாதிரி நினைச்சிருந்தேன். இவ்ளோ சின்ன ஆளா இருக்கீங்க!"

"கேன் இருக்கா?"

"இருக்கே! நிறைய நிறையக் கீழ ஊத்திட்டு மறுபடி வைக்கறோம். ஏன் வைக்கறோம்னு எங்களுக்கே தெரியல. எடுத்துட்டா என்னமோ மாதிரி இருந்துச்சு."

டிரைவிங் ஸ்கூலிலும் கேன் இருந்தது. அதை நடத்துபவர், தம்பி பதினோரு முறை லைசென்ஸ் டெஸ்டில் தோற்ற கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அக்காவுக்கு அவன் டெஸ்டுக்குப் போனதே தெரியாது. "பன்னிரண்டாவது தடவை பாஸானா அக்காவைக் கார்ல உக்கார வச்சு வீட்டு வாசல்ல ஹாரன் அடிப்பேன்னு சொல்லிட்டிருந்தாருங்க" என்றார் அவர். கேனைத் தானே தூக்கி ஆட்டோவில் வைத்தார்.

பல் ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகப் போனாள். மாடிப்படியைப் பார்க்காமல் ஏறிவிட வேண்டும் என்று நினைத்தாள்; முடியவில்லை. ஒன்பது படி, ஒரு திருப்பம், மறுபடி ஒன்பது. ரிசப்ஷன் பெண் மேஜையை விட்டு வெளியே வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"கேன்ல இருக்கற தண்ணிய எடுத்துக்கலாமா?" என்று அக்கா கேட்டாள்.

அந்தப் பெண் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். விரலால் வாரங்களை எண்ணினாள். "எடுத்துக்கலாம்மா. ரெண்டு வாரம் எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. அன்னிக்கு உள்ள மருந்து போட்டுக் கழுவினாரு இல்ல, அதனால. இந்தத் தண்ணி என் பிள்ளைங்களுக்கு ஆகாது, ரெண்டு வாரம் கீழ ஊத்திடுங்கன்னாரு. அதைச் சொல்லிட்டுத்தான் படியில போய் உக்காந்தாரு. நான் ரெண்டு வாரமும் சரியா ஊத்திட்டேன்மா. அதுக்கப்புறம் பிடிச்சதுதான் இது."

அக்கா அவள் தலையில் கை வைத்தாள். கேன் கனமாக இருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்தப் பதினெட்டுப் படியும் இறக்கினார்கள்.

ஒவ்வொரு தொட்டியையும் சமையலறை சிங்க்கில் வைத்து, மேலே இருந்து மெதுவாக ஊற்ற வேண்டும். அடியில் வழிவது தெளிவாக வரும் வரை. அக்கா வழிந்த தண்ணீரில் ஒரு சொட்டைத் தன் கண்ணாடியில் விட்டுக் காயவைத்துப் பார்த்தாள். முதல் நாள் வெள்ளை வட்டம். மூன்றாம் நாள் மெல்லிய வளையம். பதினேழுக்கு மட்டும் வட்டம் மறைய இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் அதன் அடியிலைகள் இரண்டு பழுத்து விழுந்தன. மொட்டு வளர்வதை நிறுத்தி, அப்படியே நின்றது. வேலைக்குப் போகும் முன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை என்று குனிந்து பார்ப்பாள். தொட மாட்டாள். கண்ணாடிக்காரர் தினமும் கடை மூடியதும் போன் போடுவார்.

"நிக்குதா?"

"நிக்குது."

"போதும். வைக்கறேன்."

டிரம்களுக்கு லேபிள் எழுதினாள். அட்டையில் பெரிய எழுத்தில், ஒன்றில் 'வெறும் தண்ணீர்', ஒன்றில் 'உரம் – ஒன்றுக்கு மூன்று', ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்து, கழற்றி மாட்டுவது போல. ஒட்டவில்லை. டிரம் மாறிக்கொண்டே இருக்கும் என்று அவன் சொன்னது நியாயம்தான். நீலச் சட்டையை இறக்கி மடித்தாள். சிவப்புக் கிளிப்பை மறுபடி உர டிரம்மின் விளிம்பிலேயே மாட்டினாள், லேபிளுக்குப் பக்கத்தில்.

ஏழாவது வாரம் காம்பு நகர ஆரம்பித்தது. முதலில் அரை விரல், பிறகு ஒரு விரல். பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை காலை மொட்டின் மேல்மடல் விலகியிருந்தது. அக்கா அன்று வேலைக்குத் தாமதமாகப் போனாள். சனிக்கிழமை முழுக்க விரிந்தது. கண்ணாடிக்காரர் கடையை அடைத்துவிட்டு ஓடி வந்தார். ரிசப்ஷன் பெண்ணும் வந்தாள், ஜெராக்ஸ் அம்மாவும் மூச்சு வாங்கியபடி இரண்டு மாடி ஏறி வந்தார்.

"என்ன கலர்னு நீங்களே சொல்லுங்க" என்றாள் அக்கா. "நான் சொன்னா ஓரவஞ்சனை ஆயிடும்."

கண்ணாடிக்காரர் முதலில் தன் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு குனிந்தார். மேல்மடல் இளம்பச்சை. பக்கத்து இரண்டு மடலும் பச்சை. முன்னால் தொங்கிய பையும் பச்சை, கழுவி வைத்தது போல. பையின் வாயோரத்தில் மட்டும் பழுப்பாகச் சில புள்ளிகள்.

"பச்சைக்கா."

"அந்தப் புள்ளி பழுப்பாத்தானே இருக்கு?"

"அக்கா…"

"சரி, சரி. கேட்டுப் பார்த்தேன்."

"இப்படி ஒரு செருப்பு இருந்தா நான் நடக்கவே மாட்டேன், கையில வச்சுட்டுத்தான் சுத்துவேன்" என்றார் ஜெராக்ஸ் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், பிறகு சமையலறைக்குப் போய்ச் சற்று நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தாள். அவர்கள் கிளம்பும்போது கண்ணாடிக்காரர் தொட்டிகளை எடுத்துப்போவது பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அக்காவும் பேச்சை எடுக்கவில்லை. ஜெராக்ஸ் அம்மா மட்டும், திங்கட்கிழமை கேன் நிறைந்துவிடும் என்று நினைவுபடுத்திவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் கண்ணாடிக்காரர் ஒரு பை பட்டை கொண்டுவந்து கொடுத்தார். நக அளவுக்கு உடைத்தது. கரியும் பெர்லைட்டும் வீட்டிலேயே இருக்கின்றன. சிப்பி ஓட்டை அக்காவே அம்மிக்கல்லில் நொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு, பேர் எழுதி வைத்திருக்கிறாள். தோற்றது அவள்தான்; மாற்ற வேண்டியதும் அவள்தான்.

ஆனால் இந்தப் பூக்கள் இரண்டு மாதம், சில சமயம் அதற்கும் மேல் நிற்கும். ஒன்பது வாரம் ஆகிறது. பூ இன்னும் உதிரவில்லை. பதினேழாம் தொட்டிக்குப் பட்டை மாற்றவில்லை.